உடைந்த வண்டிக்கு ஓர் உண்மைச் சாட்சி



உழைத்து வாழும் ஒருவரை மாதந்தோறும் சந்தித்து, அவர்தம் தொழிலின் இன்ப துன்பங்களை அவர் வாயிலாகவே கேட்டறிவது இப்பகுதியின் வழக்கம். இம்மாதம் நாம் சந்திக்கும் அன்பருக்கு ஒரு வேடிக்கையான தொல்லை உண்டு. புதிதாக அறிமுகமாகும் எவரிடமும் "நான் ஒரு சர்வேயர்" என்று அவர் சொல்லிவிட்டால் போதும். "நல்ல வேளை, ஐயா! எங்கள் கொல்லைப்புற வேலித் தகராறு பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு நாள் சங்கிலியோடு வந்து அளந்து கொடுங்கள்" என்று கேட்டுவிடுவார்களாம்.

அவர் நிலம் அளப்பவர் அல்லர். சாலையில் மோதி நொறுங்கிய வண்டிகளின் சேதத்தை அளப்பவர். காப்பீட்டு நிறுவனத்திற்கும் வண்டியின் சொந்தக்காரருக்கும் நடுவில் நின்று, "விபத்து நேர்ந்த விதம் இது, இழப்பு இவ்வளவு" என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பாளையங்கோட்டையில் குடியிருக்கும் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலைச் செய்து வருகிறார். நான் அவரைக் காணச் சென்றபோது முதலில் ஒரு நிபந்தனை விதித்தார். "என் பெயரைப் போட வேண்டாம். தொழிலைப் பற்றி எழுதுங்கள். அதிலும் நான் செய்த பிழையைத் தவறாமல் எழுதுங்கள்" என்றார். அப்பிழை இன்னதென்பதைப் பின்னர்க் காண்போம்.

நடுவில் நிற்பவர்

நம் நாட்டின் காப்பீட்டுச் சட்டம் 1938 ஆம் ஆண்டினது. அதன் 64 யு.எம். என்னும் பிரிவு இவரைப் போன்றோரின் கடமையைப் பற்றிப் பேசுகின்றது. குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேற்பட்ட இழப்பாயின், உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் நேரில் பார்வையிட்டு அறிக்கை தரவேண்டும் என்பது அதன் சாரம். வாகனங்களைப் பொறுத்தமட்டில் 2015 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் அத்தொகையை 50,000 ரூபாயாக வகுத்தன. உரிமம் வழங்குவது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். தக்க படிப்பு, அனுபவமுள்ள ஒருவரிடம் பயிற்சி, அதன்பின் தேர்வு ஆகிய படிகளைக் கடந்தே ஒருவர் இவ்வுரிமத்தைப் பெற முடியும்.

இத்தொழிலின் சிக்கல் எங்கே இருக்கிறதெனில், சர்வேயருக்கு ஊதியம் தருவது காப்பீட்டு நிறுவனம். ஆனால் அவர் எழுதும் அறிக்கை இரு சாராருக்கும் பொதுவான சாட்சியாக இருக்க வேண்டும். நிறுவனத்தார் தொகை குறையாதா என்று பார்க்கின்றனர்; வண்டிக்காரர் தொகை கூடாதா என்று பார்க்கின்றார்; பட்டறைக்காரரோ வேலை பெருகாதா என்று பார்க்கின்றார். "கூலி கம்பெனி தருகிறது என்பதற்காக என் பேனாவைக் கம்பெனியிடம் அடகு வைக்க முடியாது. வண்டிக்காரர் அழுகிறார் என்பதற்காக இல்லாத சேதத்தை எழுதவும் முடியாது. இரக்கத்தை என் பணப்பையிலிருந்து காட்டலாம், அறிக்கையிலிருந்து காட்டக் கூடாது" என்று அவர் சொன்னது என் உள்ளத்தில் தைத்தது.

சர்வேயரின் அறிக்கையே முடிந்த முடிபு ஆகிவிடாது. அதற்கு மாறான சான்று இருந்தால் அதனையும் கருதவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009 ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆயினும் ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்பு பெரும்பாலும் அந்த முதல் அறிக்கையையே நம்பி நிற்கின்றது. வழக்கு நடத்தப் பணமும் பொறுமையும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை அல்லவா?

பட்டறையில் ஒரு காலை

அவருடைய பணியை நேரில் காண விரும்பி, ஒரு நாள் காலை அவருடன் தூத்துக்குடிச் சாலையிலுள்ள ஒரு பட்டறைக்குச் சென்றேன். முன்புறம் நசுங்கிய சிறு கார் ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் ஓர் இளம் பள்ளியாசிரியை. கவலை தோய்ந்த முகத்துடன் ஒருபுறம் நின்றார்.

நம் நண்பர் முதலில் சேதத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் அடையாளத்தைப் பார்த்தார். சேசிஸில் பொறித்துள்ள எண்ணின்மேல் மெல்லிய தாள் ஒன்றை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் அப்படியே தாளில் பதிந்தது. அதனை ஆர்.சி. புத்தகத்தோடும் பாலிசியோடும் ஒப்பிட்டார். பின்னர் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி, எவ்வகை வண்டிக்கு எந்த நாள்வரை செல்லும் என்று குறித்துக்கொண்டார். அதன் பிறகே நாடாவை எடுத்துத் தரையிலிருந்து நசுங்கலின் உயரத்தை அளந்தார்.

"உயரம் எதற்கு?" என்று கேட்டேன்.

"முன்னால் நின்ற லாரியின் பின்கட்டையில் மோதியதாக எழுதியிருக்கிறார்கள். அக்கட்டையின் உயரமும் இந்த நசுங்கலின் உயரமும் பொருந்த வேண்டும். கீறல் எத்திசையில் ஓடுகிறது, அதில் ஒட்டியுள்ள பெயின்ட் எந்நிறம் என்றும் பார்க்க வேண்டும். முகப்பு விளக்கின் பல்பு உடைந்திருந்தால் அதன் உள்ளிழையும் ஒரு சாட்சிதான். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை மோதலில் இழுபட்டு நீண்டுவிடும். அணைந்திருந்த பல்பின் இழை ஒடியும். வண்டிக்கு வாயில்லை, ஆனால் பொய்யும் இல்லை" என்றார்.

அச்சமயம் பட்டறைக்காரர் மெல்ல அருகில் வந்து, பின்கதவிலிருந்த ஒரு பள்ளத்தைக் காட்டி, "சார், இதையும் இதோடு சேர்த்துக்கொண்டால் டீச்சருக்கு உதவியாக இருக்கும்" என்றார். நண்பர் குனிந்து விரலால் தடவினார். கீறலுக்குள் புழுதி படிந்து இறுகியிருந்தது. முன்னால் மோதிய வண்டியின் பின்கதவு எவ்வாறு நசுங்கும்?

"எல்லாரும் செய்வதுதானே, சார்?" என்றார் ஆசிரியை தயக்கத்துடன்.

"டீச்சர், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டு இதே பதிலைச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆசிரியையும் சிரித்துவிட்டார். பின்கதவு பட்டியலில் ஏறவில்லை.

ஆனால் கணக்கைப் பார்த்ததும் அவர் முகம் மீண்டும் வாடியது. "ஏன் இவ்வளவு குறைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார். நண்பர் அவரை நாற்காலியில் அமரச் செய்து பொறுமையாக விளக்கினார். அவ்விளக்கம் நம் வாசகர்களுக்கும் பயன்படும்.

சாதாரணப் பாலிசியில் புதிய உதிரிப் பொருளின் முழு விலையும் கிடைப்பதில்லை, தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக் பொருள்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு கழியும். கண்ணாடிக்குக் கழிவில்லை. இரும்புத் தகட்டுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு ஏறிச் செல்லும்: முதல் 6 மாதங்களுக்கு எதுவுமில்லை, மூன்றாண்டு கடந்து நான்கு முடியும்வரை 25 விழுக்காடு, நான்கு கடந்து ஐந்து முடியும்வரை 35, பத்தாண்டு கடந்தால் 50. ஆசிரியையின் வண்டிக்கு வயது நான்கு ஆண்டு, சில மாதங்கள். ஆகவே 10,000 ரூபாய் விலையுள்ள பானெட்டுக்கு 6,500 ரூபாயும், 6,000 ரூபாய் விலையுள்ள பிளாஸ்டிக் பம்பருக்கு 3,000 ரூபாயுமே கணக்கில் ஏறும். இதற்கும் மேலாக, ஒவ்வொரு கோரிக்கையிலும் சொந்தக்காரர் ஏற்கவேண்டிய கட்டாயத் தொகை ஒன்று உண்டு. தேய்மானக் கழிவு வேண்டாமென்பார் சற்று மிகுதியாகப் பிரீமியம் செலுத்தி அதற்கான கூடுதல் பாதுகாப்பைப் பெறலாம்.

"இது என் கஞ்சத்தனம் அல்ல, டீச்சர்; நீங்கள் கையெழுத்திட்ட பாலிசியிலேயே இருக்கிறது" என்றார் நண்பர். "யாரும் எனக்குப் படித்துச் சொல்லவில்லையே" என்றார் அந்தப் பெண்மணி. உண்மைதான். நம்மில் எத்தனை பேர் அந்தத் தாளைப் பிரித்துப் படித்திருக்கிறோம்?

உப்புக் காற்று

திரும்பும் வழியில், சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து, தாம் செய்த பிழையைச் சொல்லத் தொடங்கினார்.

1996 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அப்போது அவர் இத்தொழிலுக்குப் புதியவர். தூத்துக்குடியிலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு மீன் ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று, வாகைக்குளம் அருகே விடியற்காலை மழையில் சறுக்கிப் புளியமரத்தில் மோதிவிட்டது. வேனின் சொந்தக்காரரே அதன் ஓட்டுநர். காறையெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். வண்டி காவல் நிலைய வளாகத்தில் ஆறு நாட்கள் மழையில் நின்றது. அதன் பின்னரே நண்பர் அதைப் பார்வையிடச் சென்றார்.

மீன் வண்டி என்பதால் எங்கும் துரு. உப்பு நீர் வழிந்து வழிந்து தகடெல்லாம் அரித்துக் கிடந்தது. அடிச்சட்டத்தின் இடப்பக்கம் முறிந்திருந்தது. முறிந்த வாயைப் பார்த்தார், அதுவும் சிவந்திருந்தது. புதிய முறிவு வெள்ளியைப்போல் பளபளக்கும். பழைய முறிவு துருவேறிச் சிவந்திருக்கும் என்பது அவருக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். ஆகவே அடிச்சட்டம் விபத்துக்கு முன்னரே முறிந்திருந்தது என்று முடிவு செய்தார்.

கையில் கட்டுடன் வந்திருந்த சொந்தக்காரர், வயதில் மூத்தவராயினும் கைகூப்பி நின்று, "ஐயா, இது உப்புக் காற்று. ஒரே இரவில் இரும்பு சிவந்து போகும். ஆறு நாள் மழையில் நின்ற வண்டி, ஐயா" என்றார். நம் நண்பர் அதைக் கேட்டார், ஆனால் செவிமடுக்கவில்லை. "இப்படிச் சொல்பவர்களைப் பற்றி எனக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை என் காதை அடைத்துவிட்டது" என்று இப்போது வருந்துகிறார்.

"அடிச்சட்ட முறிவு பழையது, ஏற்பதற்கில்லை" என்று அறிக்கை சென்றது. சட்டத்தின் விலையும் அதை மாற்றும் கூலியுமே செலவின் பெரும்பகுதி. அவை கழிக்கப்பட்டு, எஞ்சிய சிறு தொகையே கிடைக்கும் என்று நிறுவனத்திலிருந்து சொந்தக்காரருக்குக் கடிதம் போயிற்று. வண்டி ஓடவில்லையெனில் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் மனைவியின் நகைகளை அடகுக் கடையில் வைத்து வண்டியைச் சரிசெய்தார்.

ஐந்தாறு வாரங்கள் சென்றன. வேறொரு விபத்தைப் பார்வையிட நண்பர் தூத்துக்குடி சென்று, கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றில் தங்கினார். அன்று மாலை, விபத்தில் ஒடிந்த ஒரு ஸ்பிரிங் பட்டையின் துண்டைச் சான்றுக்காக எடுத்து வந்திருந்தார். ஒடிந்த வாய் கண்ணாடிபோல் மின்னியது. அதைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உறங்கினார். இரவில் தூறல். காலையில் எழுந்து பார்த்தால், ஒடிந்த வாய் செந்நிறமாகப் பூத்திருந்தது!

"அந்தத் துண்டைக் கையில் எடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த மீன்காரர் சொன்ன சொல் அறை முழுவதும் ஒலிப்பது போலிருந்தது" என்றார் நண்பர்.

அவர் அன்றே அப்பட்டறைக்குச் சென்றார். நல்வாய்ப்பாக, வெட்டியெடுத்த பழைய சட்டத் துண்டு கொட்டகையின் மூலையில் கிடந்தது. உப்புத்தாள் கொண்டு முறிந்த வாயைத் தேய்த்தார். மெல்லிய செந்தோல் உரிந்து, உள்ளே இரும்பு பளிச்சிட்டது. நெடுநாட்பட்ட துரு இரும்பைத் தின்று குழி குழியாக்கியிருக்கும், இதில் குழியில்லை. சட்டம் வளைந்திருந்த திசையும் மரத்தில் மோதிய திசையும் ஒத்திருந்தன. முறிவு புதியதே. மீன்காரர் சொன்னது மெய். சர்வேயர் எழுதியது பிழை.

இனி என் செய்வது? தம் ஆசானைப்போல் மதித்த மூத்த சர்வேயரிடம் ஓடினார். அவர், "தம்பி, மூடிய கோப்பைத் திறக்காதே. உன் அறிக்கையை நீயே பொய்யென்று எழுதினால், நாளை உன் எந்த அறிக்கையை நம்புவார்கள்? அந்த மனிதர் வழக்குப் போடவில்லை, யாரும் உன்னைக் கேட்கவும் இல்லை" என்றார். அந்த அறிவுரையில் தீய நோக்கம் ஏதுமில்லை. இளைஞன் ஒருவனின் பிழைப்பைக் காக்க வேண்டுமென்ற நல்லெண்ணந்தான்.

நண்பர் மூன்று இரவுகள் உறங்கவில்லை. நான்காம் நாள் எழுதினார்: "என் முதல் அறிக்கையில் அடிச்சட்டத்தைப் பற்றிய என் முடிவு தவறானது. காரணம் பின்வருமாறு." இரும்புத் துண்டின் நிழற்படங்களையும் உடன் இணைத்தார். அலுவலகத்தில் வசைமொழி கேட்டார். கிளை மேலாளர் கோப்பை மேசையில் எறிந்தார். அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டு அக்கிளையிலிருந்து அவருக்கு ஒரு வேலையும் வரவில்லை. அவர் மனைவி வீட்டில் தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார்.

"பணம் கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"கிடைத்தது. விசாரணையெல்லாம் முடிந்து, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு கிடைத்தது. அதற்குள் நகைகள் ஏலம் போய்விட்டன. நான் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி ஒரு சொல்லும் பேசாமல் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பணம் வந்தது, நகை வரவில்லை. என் ஒரு வரி அந்தக் கழுத்தில் தெரிந்தது."

தேநீர் ஆறிப்போயிருந்தது. அவர் சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் வந்த வழக்கு

வெளியாரிடம் நேர்மையாக இருப்பது ஒருவகையில் எளிது. சோதனை வீட்டுக்குள் வரும்போதுதான் மனிதன் தன்னை அறிகின்றான். சில ஆண்டுகளுக்கு முன் அவர் மைத்துனரின் மகன், பதினாறு வயதுச் சிறுவன், தந்தை உறங்கும் வேளையில் காரை எடுத்துச் சென்று ஒரு மதிற்சுவரில் மோதிவிட்டான். இறையருளால் எவருக்கும் காயமில்லை. கார் மட்டும் பலத்த சேதம் அடைந்தது.

மறுநாள் மைத்துனர் வந்தார். "அத்தான், நான்தான் ஓட்டினேன் என்று படிவத்தில் எழுதிவிட்டேன். பார்வையிட வருபவர் உங்களிடம் தொழில் கற்ற பையன்தானாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார்.

உரிமமில்லாதவர் ஓட்டிய வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. அதுமட்டுமன்று, 2019 ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு, வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். மைத்துனர் அஞ்சியதில் வியப்பில்லை.

நண்பர் மறுத்துவிட்டார். "மாப்பிள்ளை, செலவில் என்னால் ஆனதை நான் தருகிறேன். ஆனால் அந்தப் பையனிடம் பேச மாட்டேன். நீங்கள் எழுதிய படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நேற்று உங்கள் மகன் சுவரில் மோதினான். இன்று அவனுக்காக நீங்கள் பொய் சொன்னால், அடுத்த முறை அவன் மனிதர்மேல் மோதவும் அஞ்ச மாட்டான்" என்றார்.

மைத்துனர் கோபத்துடன் எழுந்து போனார். அன்றிரவு நண்பரின் மனைவி கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது: "அன்று யாரோ ஒரு மீன்காரருக்காக ஓராண்டு அரைவயிறு உண்ணத் துணிந்தீர்கள். நானும் உங்களோடு நின்றேன். இன்று என் உடன்பிறந்த தம்பிக்காக ஒரு சொல் சொல்ல மனமில்லையா?"

"அன்று எழுதிய கைதான் இன்று எழுத மறுக்கிறது. இரண்டும் வேறு வேறு கையானால், அன்று செய்ததற்கும் பொருளில்லை" என்று அவர் பதில் சொன்னார். அந்த அம்மையார் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பல வாரங்கள் அவ்வீட்டில் தேவைக்குமேல் பேச்சில்லை. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மைத்துனர் குடும்பம் வரவும் இல்லை. கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது; பழுதுபார்க்கும் செலவை மைத்துனரே ஏற்றார்; நண்பரும் சொன்னபடி ஒரு பங்கைத் தந்தார். பழைய நெருக்கம் முழுவதும் திரும்பிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று அவர் ஒளிவின்றிக் கூறினார். ஆயினும் பதினெட்டு நிறைந்து உரிமம் பெற்ற நாளில், அச்சிறுவன் முதலில் அதைக் காட்ட வந்தது தம் மாமாவிடந்தான்.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

விடைபெறும் முன், "நம் குடும்பங்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, உங்கள் பாலிசி எவ்வகையானது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஆனால் அது உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு காசும் தராது. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டும், இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டும் இக்கட்டாயக் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றாயிற்று. இதனால் ஐந்தாண்டுக்கு எல்லாமே காப்புற்றதாகப் பலர் எண்ணி ஏமாறுகின்றனர். சொந்தச் சேதத்துக்கான பகுதி ஓராண்டோடு முடிந்திருக்கலாம்.

இரண்டாவது, பாலிசியைக் காலந்தவறாமல் புதுப்பியுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் சலுகை 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை உயரும். 90 நாட்களுக்குமேல் பாலிசி விடுபட்டால் அச்சலுகை பறிபோகும். பழைய வண்டி வாங்குவோர் பதினான்கு நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, விபத்து நேர்ந்தால் முதலில் காயமுற்றவரைக் கவனியுங்கள்; வண்டி காத்திருக்கும். பின்னர்க் காவல் துறைக்கும் நிறுவனத்துக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சர்வேயர் பார்வையிடுமுன் எதையும் கழற்றிப் பழுதுபார்க்காதீர்கள். "அன்றே ஒரு படம் இருந்திருந்தால் அந்த மீன்காரருக்கு என் தயவு தேவைப்பட்டிராது" என்கிறார் நண்பர்.

நான்காவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் தென்மாவட்டங்களைச் சூழ்ந்த பெருவெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்தபின், "ஓடுமா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியவர்களின் எஞ்சின்கள் பாழாயின. காற்றைப்போல் நீர் அமுங்காது. ஆகவே உட்புகுந்த நீர் உள்ளே உள்ள தண்டுகளை வளைத்துவிடும். இச்சேதம் பின்விளைவு எனக் கருதப்படுவதால், எஞ்சினுக்கான தனிப் பாதுகாப்பு இல்லையெனில் சாதாரணப் பாலிசியில் இழப்பீடு பெறுவது அரிது. வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் விடுவதே அறிவுடைமை.

ஐந்தாவது, குடும்பத் தலைவர் விபத்தில் இறந்தால் துயரத்தினிடையே உரிமைகளை மறவாதீர்கள். வண்டியின் சொந்தக்காரரே ஓட்டுநராகவும் இருந்து, செல்லத்தக்க உரிமமும் தனிநபர் விபத்துக் காப்பும் உடையவராயின், அவர் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும். இப்படியொன்று இருப்பதையே அறியாமல் பாலிசியைப் பெட்டியில் வைத்திருந்த கைம்பெண்களை அவர் கண்டிருக்கிறார். இடித்துவிட்டு நில்லாமல் ஓடிய வண்டியால் ஒருவர் இறந்தால், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள அரசுத் திட்டத்தின்படி 2 லட்சம் ரூபாய் கோரலாம்.

ஆறாவது, நிறுவனத்தின் முடிவு தவறெனத் தோன்றினால் அழுது ஓய்ந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். அங்கே நீதி கிடைக்காவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. மீன்காரரின் காலத்தில் குறைதீர்ப்பாளர் என்னும் இவ்வழி இருக்கவில்லை.

அன்பர்களே! பொய்ச்சாட்சி கூடாதென்னும் கட்டளையை நாம் நீதிமன்றக் கூண்டில் ஏறுவோர்க்கு மட்டும் உரியதென எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒரு படிவத்தில் ஓட்டியவர் பெயரை மாற்றி எழுதும்போதும், பழைய பள்ளத்தைப் புதியதென்று காட்டும்போதும், அடுத்தவர் சொல்வதைக் கேளாமலே பொய்யென்று தள்ளிவிடும்போதும் நாம் சாட்சிக் கூண்டில்தான் நிற்கிறோம். முன்னிரண்டும் பிறர் பணத்தைக் கவர்கின்றன; மூன்றாவது பிறர் வாழ்வையே கவர்ந்துவிடுகின்றது. நேர்மையாளர் என்று பெயரெடுத்தவருக்கு அந்த மூன்றாவது பிழையே எளிதாக நேர்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பரின் மேசைமேல், தாள்கள் பறந்துவிடாதிருக்க ஓர் இரும்புத் துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. முழுவதும் துருவேறிய ஸ்பிரிங் பட்டைத் துண்டு. "ஏன் இதை இன்னும் வைத்திருக்கிறீர்கள்? தாளெல்லாம் கறை படிகிறதே" என்று கேட்டேன்.

"படியட்டும்" என்றார் அவர். "ஒவ்வோர் அறிக்கையிலும் கையெழுத்திடுமுன் இதைத் தூக்கித்தானே தாளை எடுக்க வேண்டும்?"